மொழி அறிவோம்: அறிமுகமானவை போல் வரும் அயல்சொற்கள்



ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மொசாம்பிக் என்னும் நாடு உள்ளது. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைவதற்கு முன் தங்கிச் சென்ற கரைகளுள் அதுவும் ஒன்று. 1975இல் விடுதலை பெறும்வரை போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்தமையால், இன்றும் அந்நாட்டின் ஆட்சிமொழி போர்த்துகீசியமே. 2017ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்குள்ள மக்களுள் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர் முஸ்லிம்கள்.

பிரிட்டனின் ஆட்சியில் ஒருநாளும் இருந்திராத இந்நாடு 1995இல் காமன்வெல்த்தில் சேர்ந்தது. இது பலருக்கும் புதுமையாகத் தோன்றலாம். உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள், பொருத்தம் விளங்கும். தான்சானியா, மலாவி, சாம்பியா, சிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா, எஸ்வாத்தினி என அதன் நில எல்லையைத் தொட்டு நிற்கும் ஆறு நாடுகளிலும் ஆங்கிலம் வழங்குகிறது. ஆகவே வணிகத்துக்கோ மருத்துவத்துக்கோ எல்லையைக் கடக்கும் மொசாம்பிக் நாட்டவர், அன்றிரவே ஒரு விடுதியின் வாயிலில் ஆங்கிலத்தோடு போராட வேண்டியவராகிறார்.

அவர் படும் பாட்டை நாம் ஏன் அறிய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். முதற்காரணம், அம்மொழி நமக்கு முற்றிலும் அந்நியம் அன்று. விடுதி அறை ஒன்றை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். கதவைத் திறக்கும் சாவி, காற்று வரும் ஜன்னல், உடை வைக்கும் அலமாரி, உணவு வைக்கும் மேசை, தேநீர் பருகும் கோப்பை, முகம் துடைக்கும் துவாலை. இவை யாவும் போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்களே. அந்தப் போர்த்துகீசியமும் அறபு மொழிக்குக் கடன்பட்டது. கி.பி. 711 முதல் 1249 வரை இன்றைய போர்த்துகலின் தென்பகுதி முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அதன் தடமாக, அரிசியை 'அரோஸ்' என்றும், சர்க்கரையை 'அசூக்கர்' என்றும், தலையணையை 'அல்மொஃபாதா' என்றும் அவர்கள் இன்றும் வழங்குகின்றனர். அறபியில் விடுதியைக் குறிக்கும் 'ஃபுந்துக்' என்ற சொல்கூட, 'அல்ஃபாந்தெகா' என உருமாறி, அவர்களிடம் சுங்கச் சாவடியைக் குறிக்கிறது.

இரண்டாம் காரணம் இதனினும் முக்கியமானது. அயல்மொழியில் நாம் தடுமாறுவது தெரியாத சொற்களால்தான் என்று எண்ணுகிறோம். உண்மையில் தெரியாத சொல் நம்மை நிறுத்திக் கேட்க வைக்கும். தெரிந்தது போன்ற சொல்லோ, கேட்கவிடாமல் நம்மைக் கைப்பிடித்துத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும். இதற்கு விடுதியையும் உணவு மேசையையும்விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

மருத்துவத்துக்காக ஜொகன்னஸ்பர்க் நகருக்குச் செல்லும் ஒரு மொசாம்பிக் குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். முதிய தாயும், அவருடைய வளர்ந்த மகனும் விடுதியின் முன் இறங்குகின்றனர்.

கண்ணாடிக் கதவில் 'புஷ்' என்று எழுதியிருக்கிறது. தள்ளுக என்பது அதன் பொருள். போர்த்துகீசியத்தில் ஏறக்குறைய இதே ஒலியுடைய 'புஷெ' என்ற சொல்லுக்கு இழுக்க என்று பொருள். மகன் கதவை இழுக்கிறான், அது அசையவில்லை. இது சிரித்துவிட்டுப் போகத்தக்க தவறு.

வரவேற்பு மேசையில், பெற்றோருடன் வந்திருக்கிறீர்களா என்னும் பொருளில் 'பேரன்ட்ஸ்' என்ற சொல்லை வைத்துக் கேட்கிறார்கள். 'பரென்தெஷ்' என்றால் போர்த்துகீசியத்தில் உறவினர் அனைவரும் அடங்குவர். எத்தனை நாள் தங்குவதாக உத்தேசம் என்று அடுத்துக் கேட்கிறார்கள். உத்தேசிப்பதைக் குறிக்கும் 'ப்ரெத்தெந்தேர்' என்ற தம் சொல்லை நினைத்து, மகன் 'ஐ ப்ரிடெண்ட் டு ஸ்டே' என்று விடை சொல்கிறான். ஆங்கிலத்தில் அதற்கு, தங்குவதுபோல் பாசாங்கு செய்கிறேன் என்றல்லவா பொருள்!

அறை கேட்கும்போது சங்கடம் சற்று வளர்கிறது. இருவர் தங்கும் அறையை அவர்கள் 'துப்லு' என்பர். கணவன் மனைவிக்குரிய ஒரே பெரிய கட்டில் வேண்டுமாயின் 'கசால்', அதாவது தம்பதியர், என்ற சொல்லைச் சேர்ப்பர். ஆங்கில விடுதிகளில் 'டபிள்' என்றாலே பெரும்பாலும் ஒரே பெரிய கட்டில்தான். இரண்டு கட்டில்கள் உள்ள அறைக்கு 'ட்வின்' என்று பெயர். தாயும் வளர்ந்த மகனும், தந்தையும் வளர்ந்த மகளும் சேர்ந்து பயணம் செய்யும் நம் போன்ற குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. நள்ளிரவில் களைத்து வந்து, கதவைத் திறந்து ஒரே கட்டிலைக் கண்டால் மனம் என்ன பாடுபடும்!

படுக்கை விரிப்பு வேண்டுமென்றால் 'ஷீட்' என்று நெடிலாகச் சொல்ல வேண்டும். குறில் நெடில் பார்த்துப் பொருள் பிரிக்கும் வழக்கம் போர்த்துகீசியத்தில் இல்லை. அதைக் குறுக்கிச் சொல்லிவிட்டால், கண்ணியமான எவரும் நாவில் கொண்டுவரத் தயங்கும் சொல்லாகிவிடும். தமிழை முறையாகப் பயின்ற நம் பிள்ளைகளுக்கு இவ்விடர் இல்லை என்பது மகிழ்ச்சிக்குரியது.

காலை உணவைப் போர்த்துகலில் 'சிறிய பகலுணவு' என்று பொருள்படும் தொடரால் குறிப்பர். மொசாம்பிக்கில் 'மத்தாபிஷு' என்பர். பூச்சியைக் கொல்வது என்பது அதன் சொற்பொருள். வெறும் வயிற்றில் நெளியும் பசியைப் பூச்சி என்கிறார்கள் போலும். நம் கடற்கரை ஊர்களில் காலை உணவைப் 'பசியாற' என்று சொல்லும் அழகு நினைவுக்கு வருகிறதல்லவா? ஆனால் 'லன்ச்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டால் அவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதே சொல் 'லான்ஷ்' ஆகி அவர்களிடம் சிற்றுண்டியைக் குறிக்கிறது. 'லன்ச்' கட்டணத்தில் அடங்கும் என்று விடுதியார் எழுதியிருக்க, ஏதோ தேநீரும் ரொட்டியும் தருவார்கள் என்றெண்ணி, வெளியில் பணம் கொடுத்து உண்டுவிட்டு வருவோர் உண்டு.

விலைப்பட்டியலிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், பின்னத்தைக் காட்டக் காற்புள்ளியும் இடுவது போர்த்துகீசிய வழக்கம். ஆங்கில வழக்கம் இதற்கு நேர்மாறு. ஆகவே 1,250 என்று கண்டால் அவர் கண்ணுக்கு அது ஒன்றேகாலாகத் தோன்றும். எண்ணை வாயால் கேட்பதோடு நில்லாமல், எழுதிக் காட்டச் சொல்வதும் முழுத் தொகையைச் சொல்லச் செய்வதும் நலம்.

இனி உணவு மேசைக்கு வருவோம். பரிசாரகரிடம் பணிவாகப் பேச விரும்பும் போர்த்துகீசியர், 'கெரியா' என்று இறந்தகால வடிவில் கேட்பார். 'ஒரு காப்பி வேண்டியிருந்தது' என்பது போன்ற நயமான வழக்கு அது. அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி 'ஐ வான்டட் எ காஃபி' என்றால், முன்பே கேட்ட காப்பி வரவில்லை என்ற புகார்போல ஒலிக்கக்கூடும். 'ஐ வுட் லைக்' என்பதே அங்கே பொருந்தும் பணிவுமொழி.

மீன் கெட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவை ஏதோ ஒருமாதிரி இருக்கிறது என்பதைச் சொல்ல அவர்களிடம் 'எஷ்கிசீத்து' என்ற சொல் உண்டு. அதையொத்த 'எக்ஸ்குவிசிட்' என்ற ஆங்கிலச் சொல்லை அவர் எடுத்து ஆள்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு மிக நேர்த்தியானது என்று பொருள். பரிசாரகர் மகிழ்ந்து நன்றி சொல்லிச் செல்கிறார். கெட்ட மீன் தட்டிலேயே இருக்கிறது. மறுநாள் சளி பிடித்து மருந்துக் கடைக்குப் போனாலும் தொல்லை தீர்வதில்லை. போர்த்துகல் வழக்கில் சளி பிடித்தவரைக் 'கொன்ஷ்திபாது' என்பர். 'கான்ஸ்டிபேட்டட்' என்ற ஆங்கிலச் சொல்லோ மலச்சிக்கலைக் குறிக்கும். சளிக்கு மருந்து கேட்டவர் கையில் பேதி மருந்து வந்து சேரும்.

இவற்றைவிட ஆழமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது ஹலால் உணவு பற்றியது. போர்த்துகீசியத்தில் பன்றியையும் அதன் இறைச்சியையும் 'போர்க்கு' என்ற ஒரே சொல்லால் சுட்டலாம். ஆகவே ஆங்கில உணவுப் பட்டியலில் 'போர்க்' என்று இருந்தால் அவர் உடனே அறிந்துகொள்வார். ஆனால் அதே இறைச்சி 'ஹாம்', 'பேக்கன்', 'கேமன்' என வெவ்வேறு பெயர்களிலும் வரும். பன்றிக் கொழுப்புக்கு 'லார்ட்' என்று பெயர். அவர்கள் அன்றாடம் அதை 'பாஞ்ஞா' என்றே அறிவர். 'பெப்பரோனி' என்ற பெயரில் மிளகைக் குறிக்கும் 'பெப்பர்' மட்டுமே காதில் விழும். அமெரிக்க முறைப்படி செய்த பெப்பரோனியில் பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்திருக்கும். இதற்கு மாறாக, 'ஹாம்பர்கர்' என்ற பெயரில் 'ஹாம்' ஒலித்தாலும், அப்பெயர் ஹாம்பர்க் என்னும் ஜெர்மானிய நகரால் வந்ததேயன்றிப் பன்றி இறைச்சியால் வந்ததன்று. அது எந்த இறைச்சி, எவ்வாறு அறுக்கப்பட்டது என்பது தனியே கேட்டறிய வேண்டியது. பெயரை மட்டும் நம்பினால், உண்ணத்தக்கதைத் தள்ளவும் தகாததைக் கொள்ளவும் நேரும்.

கேட்கும் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. 'இதில் பன்றி இறைச்சி இல்லையே?' என்று எதிர்மறையில் கேட்டு, 'யெஸ்' என்று விடை வந்தால், இல்லை என்பதற்கு 'ஆம்' என்றாரா, இருக்கிறது என்பதற்கு 'ஆம்' என்றாரா? போர்த்துகீசியர் நம்மைப் போலவே வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்லி விடையளிக்கும் வழக்கமுடையவர். 'இருக்கிறதா?' என்றால் 'இருக்கிறது' என்று விடை வரும், ஐயத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லே விடையாக வருவதால், வினாவை எப்போதும் உடன்பாட்டிலேயே கேட்க வேண்டும்.

எல்லை கடக்கும் அந்தச் சகோதரர் நீண்ட இலக்கணம் கற்கத் தேவையில்லை. கீழ்க்காணும் ஆறு தொடர்கள் கைவசம் இருந்தால் அவர் இடரின்றி உண்டு உறங்கி எழலாம்.

1. 'ஐ வுட் லைக் எ ரூம் வித் டூ பெட்ஸ்' – இரண்டு கட்டில்கள் உள்ள அறை வேண்டும்.

2. 'இஸ் பிரேக்ஃபஸ்ட் இன்க்லூடட்?' – காலை உணவும் கட்டணத்தில் அடங்குமா?

3. 'இஸ் தேர் எனி போர்க் ஆர் லார்ட் இன் திஸ்?' – இதில் பன்றி இறைச்சியோ கொழுப்போ இருக்கிறதா?

4. 'வாட் இஸ் இட் குக்ட் இன்?' – எதில் சமைக்கப்பட்டது? எந்தக் கொழுப்பு, மது சேர்த்ததா என்பன இதில் வெளிப்படும்.

5. 'திஸ் டஸ் நாட் டேஸ்ட் ரைட்' – இதன் சுவை சரியில்லை.

6. 'குட் யூ ரைட் இட் டவுன், ப்ளீஸ்?' – தயவுசெய்து எழுதிக் காட்டுவீர்களா?

வாசகர்களே, இவ்வளவும் படித்துவிட்டு, இது அவர்களுடைய சங்கடம் என்று நாம் விலகிவிட இயலாது. நம் நாவிலும் இத்தகைய போலிச் சொற்கள் பல உள்ளன. 'ஓட்டல்' என்றால் நமக்குச் சாப்பாட்டுக் கடை. ஆங்கில நாட்டவர்க்கோ தங்கும் விடுதி. பசியோடு ஓட்டலைத் தேடி வழி கேட்டால், அறை வாடகைக்கு விடும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். உணவைக் கட்டித் தரும்படி 'பார்சல்' என்று கேட்டால் இங்கிலாந்தில் அஞ்சல் பொதியைத்தான் நினைப்பர். அங்கே 'டேக் அவே' என்று கேட்க வேண்டும். கத்தரிக்காயை 'பிரிஞ்சால்' என்றால் அமெரிக்கர் விழிப்பார். அவருக்கு அது 'எக்பிளான்ட்'. அந்தப் பிரிஞ்சாலும் அறபியின் 'பாதின்ஜான்' போர்த்துகீசியரின் 'பெரின்ஜேலா' ஆகி, அவர்கள் வழியே இந்திய ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்த சொல்லேயாகும்.

நம் பிள்ளைகள் படிப்புக்கும் பணிக்கும் கடல் கடக்கின்றனர். முதியோர் மகனையோ மகளையோ காண அயல்நாடு செல்கின்றனர். அவர்களிடம் ஒரு பழக்கத்தை ஊன்றி விடுங்கள். தெரியாத சொல்லைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். தெரிந்த சொல்லையும் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளத் தயங்க வேண்டாம். அடுப்பறையில் என்ன கலந்தது என்று பணிவோடு கேட்கும் விருந்தினரை நல்ல விடுதியார் எவரும் தாழ்வாக எண்ணுவதில்லை. கேளாமல் உண்டுவிட்டுப் பின்னர் வருந்துவதைவிட, பிழையான ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு மன நிறைவோடு உண்பது ஆயிரம் மடங்கு மேலானது.