கயிறு பிடிக்கிற மச்சான்

எங்க தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதைப் பற்றிப் பெரிசுகள் தவறாமல் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. கடலுக்குள் குதிக்கிறவனின் கயிற்றை மேலே தோணியில் அவன் மச்சான்தான் பிடிப்பானாம். கூடப்பிறந்தவன் இல்லை, மச்சான்! ஏன் என்று கேட்டால், "தங்கச்சி தாலி ஞாபகம் இருக்கிறவன் தூங்க மாட்டாம்லே!" என்பார்கள்.

சரி, பட்டாளத்துக்குப் போனவனுக்குக் கயிறு பிடிப்பது யார்?

ஆபீஸில் டிசம்பர் 7 கொடி நாள். 1949-லிருந்து நடக்கிறது. உண்டியலில் பத்து ரூபாய், சட்டையில் குட்டிக் கொடி, நம்ம தேசபக்தி ஓவர்! தப்பில்லை, அந்தப் பணமும் வேண்டியதுதான். ஆனால் கயிறு இருப்பது ஃபைலில்.

ஜவானுக்குக் கல்யாணம் ஆனால் யூனிட்டில் 'பார்ட் டூ ஆர்டர்' போட வேண்டும். போட்டால்தான் பட்டாள ரிக்கார்டில் சம்சாரம் சம்சாரம். போட்ட பிறகும் கூத்து உண்டு. ரேஷன் கார்டில் முத்துலெட்சுமி, ஆதாரில் முத்துலட்சுமி, ரிக்கார்டில் முத்துலக்ஷ்மி தேவி என்று இருந்தால்? நாளைக்குக் குடும்ப பென்ஷன் என்று வரும்போது, மூன்று பேரும் ஒருத்திதான் என்று அந்தப் பெண்ணேதான் அலைந்து நிரூபிக்க வேண்டும். அழக்கூட நேரம் இருக்காது.

வாசலும் இரண்டு. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் பலியான 40 பேரில் நம்ம மாவட்டத்துச் சவலாப்பேரி சுப்பிரமணியனும் ஒருவர். ஊர் அவரை ராணுவ வீரர் என்றுதான் அழுதது. ஆனால் அவர் சி.ஆர்.பி.எஃப். அது உள்துறை. ராணுவம், கடற்படை, விமானப்படைக் குடும்பங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். குடும்பங்களுக்கு உள்துறையின் கீழ் தனி நல வாரியம். துக்க வீட்டில் இதை யார் எடுத்துச் சொல்வது?

நாம்தான். ஃபாரம் நிரப்பியே பிழைக்கிற ஜாதியாயிற்றே நாம்!

அடுத்த தடவை லீவில் வந்த ஜவானைத் தெருவில் பார்த்தால், "பார்டர்ல குளிர் எப்படி?" என்று ஆரம்பிக்காதீர்கள். "மாப்ளே, தங்கச்சி பேரு ரிக்கார்டுல எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

முறைப்பான். முறைக்கட்டும். மச்சான் என்றால் அப்படித்தான்!