தொடர்பிலாச் சொற்களும் தொடர்புறு சிந்தனையும்

பேச்சுக்கலையை வளர்ப்பதில் கல்லூரித் தமிழ் மன்றங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் இன்றைய பேச்சுப் போட்டிகளில் நாம் கேட்பது பெரும்பாலும் பேச்சன்று, ஒப்பித்தலே. தலைப்பு பல நாள்களுக்கு முன்னரே அறிவிக்கப்படுகிறது. எவரோ எழுதித் தருகின்றனர். மாணவர் அதனை மனனம் செய்து முழங்குகிறார். இடையே ஒரு சொல் மறந்தால் பேச்சு முழுவதும் நின்றுவிடுகிறது. மனனத்தால் ஒலிப்புத் திருந்தும், நினைவாற்றல் பெருகும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், நின்ற இடத்தில் நினைத்துப் பேசும் ஆற்றல் அதனால் வருவதில்லை. கைப்பேசியில் தலைப்பை இட்ட அளவில் முழு உரையும் வந்து விழும் இக்காலத்தில், ஒப்பித்தலுக்குப் பரிசளிப்பது எதற்குப் பரிசளிப்பது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்குறையைப் போக்க எளியதொரு பயிற்சி உண்டு. இரண்டு குடங்களில் சொற்கள் எழுதிய சீட்டுகளை இடுக. மாணவர் குடத்துக்கு ஒன்றாக இரு சீட்டுகளை எடுத்தல் வேண்டும். ஒன்றில் 'உப்பு' என்றிருக்கலாம். மற்றொன்றில் 'நூலகம்' என்றிருக்கலாம். சிந்திக்க ஒரு மணித்துளி. பேச மூன்று மணித்துளிகள். தொடர்பில்லாத அவ்விரண்டையும் இணைத்து ஒரு கருத்தை நிறுவிக் காட்டுவதே பயிற்சி.

'இஃது விளையாட்டன்றோ?' எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். தமிழ் மரபு இத்தகைய விளையாட்டைக் கலையாகவே போற்றியுள்ளது. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் அடக்கிச் சிலேடை பாடியவர் காளமேகப் புலவர். ஒன்றோடொன்று தொடர்பற்ற பல வினாக்களையும் செயல்களையும் ஒரே வேளையில் உள்ளத்தில் தாங்கி விடையிறுப்பது அவதானக் கலை. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தி அக்கலைக்குப் பெருமை சேர்த்தார். மேனாட்டிலும் ஆர்தர் கோஸ்ட்லர் என்னும் எழுத்தாளர், சேராத இரு சிந்தனைத் தளங்கள் சந்திக்கும் இடத்திலேயே புதுமை பிறக்கிறது எனத் தம் 1964ஆம் ஆண்டு நூலில் விளக்கினார்.

எனினும் இப்பயிற்சியில் ஓர் இடர் உண்டு. சொற்களை ஒட்டவைப்பது வேறு. பொருள்களின் உறவைக் கண்டறிவது வேறு. சிலேடை சொல்லளவில் இணைக்கும். நம் பயிற்சியோ பொருளளவில் இணைத்தலைக் கேட்கிறது. எடுத்துக்காட்டாக, 'தறி', 'கணிப்பொறி' என்னும் இரு சீட்டுகள் ஒருவர் கைக்கு வருகின்றன என்போம். 'தறியும் உழைக்கிறது, கணிப்பொறியும் உழைக்கிறது. நாமும் உழைப்போம்' என அவர் பேசினால் கைத்தட்டல் கிடைக்கலாம். ஆனால் அவ்விரு சொற்களை எடுத்துவிட்டு மாட்டையும் மண்வெட்டியையும் வைத்தாலும் அப்பேச்சு அப்படியே பொருந்தும். அது பேச்சன்று, வார்ப்பு.

உண்மை உறவோ வேறு. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804இல் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் நெசவுக் கருவியை அமைத்தார். எந்தப் பாவு நூல் எழவேண்டும், எது தாழவேண்டும் என்பதை அட்டையின் துளைகளே தீர்மானித்தன. அவ்வட்டைகளைத் தாம் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்துக்குப் பயன்படுத்த எண்ணினார் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் என்பவரின் துளையட்டைப் பொறிகள் புள்ளிவிவரங்களைத் தொகுத்தன. பட்டுச் சேலையின் பூவுக்கும் கணிப்பொறிக்கும் இடையே ஓடும் இந்த இழையை எடுத்துக்காட்டுபவரே இணைத்துப் பேசியவர் ஆவார்.

இவ்விடத்தில்தான் இப்பயிற்சியின் சமுதாயப் பயன் விளங்குகிறது. எழுதித் தர ஆளுள்ள வீட்டு மாணவருக்கே மனனப் போட்டி பெரிதும் துணை நிற்கிறது. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவருக்கு எழுதித் தருவார் யார்? ஆனால் சீட்டு எவரையும் முன்னறிந்து வருவதில்லை. நெசவாளர் மகள் ஜக்கார்டுப் பெட்டியைக் கண்ணால் கண்டவள். மீனவர் மகனுக்குக் காற்றும் வலையும் தெரியும். கடைக்காரர் மகனுக்கு எடையும் கடனும் தெரியும். வீட்டறிவும் வகுப்பறிவும் மேடையில் கைகோக்கும்போது, 'எனக்கு என்ன தெரியும்?' என ஒதுங்கி நின்றவர் தம் வாழ்வே ஒரு நூலகம் என உணர்வார்.

எனவே நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இவை: தமிழ் மன்றக் கூட்டங்களில் மாதம் ஒருமுறையேனும் இப்பயிற்சி இடம்பெறுக. நடுவர்கள் குரல் வளத்துக்கும் அடுக்குமொழிக்கும் அளிக்கும் மதிப்பெண்ணைக் குறைத்து, இணைப்பின் உண்மைக்கு அளிப்பதைக் கூட்டுக. பேச்சு முடிந்ததும் அவையினர் ஒரு வினாவேனும் தொடுக்க இடமளிக்கப்படுக. பரிசில் வழங்கும் சமுதாயப் பெரியோர்கள், மனனப் போட்டிக்கு வழங்குவதில் ஒரு பகுதியை இதற்கும் ஒதுக்குக. தடுமாறிப் பேசினாலும் தாமே சிந்தித்துப் பேசும் மாணவருக்கு அப்பரிசு சென்று சேருமாயின், நாளை ஊர் மன்றத்திலும் பணி நேர்காணலிலும் எவர் எழுதித் தந்த தாளையும் எதிர்பாராது எழுந்து நின்று பேசும் தலைமுறை ஒன்று உருவாகும் என்பது எம் உறுதியான நம்பிக்கை.