பெயின்ட் அடிச்சா போயிடுமா?

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறீர்களா? புது பெயின்ட் வாசனை மூக்கைத் துளைக்கிறதா? உடனே சந்தோஷப்பட்டு விடாதீர்கள். பீரோ வைக்கிற மூலைக்குப் போய், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால், நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால், அங்கே உங்களுக்கு முன்னாலேயே ஒருத்தர் குடியிருக்கிறார். அட்வான்ஸும் இல்லை, வாடகையும் இல்லை. பெயர், பூஞ்சை!

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் போதும். பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறும். மொட்டை மாடிக்கு நேர் கீழே கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி விழும். ஓனரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். “ரூமுக்குள்ளயே துணி காயப் போடறீங்க, ஜன்னலைத் திறக்கறதே இல்ல. பூக்காம என்ன செய்யும்? பொங்கலுக்கு ஒரு கோட்டிங் அடிச்சுடலாம், விடுங்க!”

ஜன்னலைத் திறக்கணுமாம். எதிர்ச் சுவர் மூணு அடியில் நிற்கிற மாதிரி ஜன்னல் வைத்துக் கட்டியது யார் சார்?

இதே மாதிரி பதிலை, இங்கிலாந்தின் ராக்டேல் ஊரில் ஒரு அப்பாவுக்கும் சொன்னார்கள். சூடானிலிருந்து போன குடும்பம். வீட்டு வசதி நிறுவனம் ஒன்றின் சின்ன ஃப்ளாட். பூஞ்சை படர்கிறது என்று அவர் 2017-ல் புகார் செய்தார். ‘மேலே பெயின்ட் அடிச்சுக்கோங்க’ என்றார்கள். அடித்தார். திரும்ப வந்தது. 2020 டிசம்பரில் அவருடைய மகன் அவாப் இஷாக் இறந்துபோனான். வயது இரண்டு. வீட்டுப் பூஞ்சையை நீண்ட நாள் சுவாசித்ததால் வந்த கடும் சுவாசக் கோளாறுதான் காரணம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். குடும்பத்தின் ‘வாழ்க்கை முறை’யைக் குறை சொன்ன நிறுவனம், அது தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே ஒரு சட்டம் 2025 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஆபத்தான பூஞ்சை என்றால் இந்த மாதிரி நிறுவனங்கள் 10 வேலை நாளில் விசாரிக்க வேண்டும். அடுத்த 5 வேலை நாளில் ஆபத்தை நீக்க வேண்டும்.

சுவரில் நாலு புள்ளியைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லவில்லை. ஆனால், ஓதம் பிடித்த வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது. எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கு நுரையீரலிலேயே பூஞ்சை பிடிக்கலாம். ‘குழந்தைக்குச் சளி விடவே மாட்டேங்குது’ என்று ஐஸ்கிரீமைத் திட்டுகிறவர்கள், கட்டிலுக்குப் பின்னால் இருக்கிற சுவரையும் ஒரு தடவை பார்க்கலாம்.

பூஞ்சைக்கு வேண்டியது ஈரம். கசிவை நிறுத்தாமல் பெயின்ட் அடிப்பது, அதற்கு இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி. ஒழுகுகிற பைப் ஜாயின்ட், விரிசல் விட்ட மாடித் தளம், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய்... முதலில் அதையெல்லாம் சரி பண்ணணும். அப்புறம் சுவர் நன்றாகக் காயணும். பெயின்ட் கடைசியில்தான்.

குடியிருப்பவர்களுக்கும் வேலை உண்டு. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். குளித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். நனைந்ததை ரெண்டு நாளுக்குள் உலர்த்திவிடுங்கள். பூஞ்சையை உலர்ந்த விளக்குமாற்றால் தட்டாதீர்கள், வீடெல்லாம் பறக்கும். மாஸ்க் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது, கிளம்புவது விஷவாயு. பூத்துப்போன மெத்தையை வெயிலில் போட்டால் வாடைதான் போகும். செத்த பூஞ்சையும் அலர்ஜி கொடுக்கும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கிப் போடுங்கள்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டின் 2017-ம் வருட வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது எல்லாம் ஓனர் பொறுப்பு. அந்த ‘வேறு மாதிரி’யில்தான் சூட்சுமம் இருக்கிறது. ‘சகல ரிப்பேரும் குடியிருப்பவர் செலவு’ என்று ஒரு வரி இருந்தால், கையெழுத்துக்கு முன்பே அடிக்கச் சொல்லுங்கள். குடி போகிற அன்றைக்கே நாலு மூலையையும் செல்போனில் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பிவையுங்கள். காலி பண்ணும்போது பெயின்டிங் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாச வாடகையைப் பிடிக்க வருவார் பாருங்கள், அப்போது எடுத்து நீட்டலாம்.