திறை செலுத்தும் தன்னாட்சி

சென்னைச் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது தமிழக அரசின் பதிவுத்துறைத் தலைமை அலுவலகம். மனை வாங்குவோரும் நிலம் விற்போரும் சார்பதிவகங்களில் கட்டும் தொகைக்கெல்லாம் அதுவே தலைமையிடம். அப்பதிவுத் துறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1870இல் ஆங்கில ஆட்சித் தலைவர் மேயோ, சிறை, காவல், கல்வி, மருத்துவம், சாலை முதலியவற்றோடு பதிவையும் மாநிலங்களிடம் ஒப்படைத்தார். அத்துறைகளின் சிறு வருவாயும் ஒரு குறித்த தொகையும் தரப்பட்டன. பற்றாக்குறையை மாநிலமே வரி போட்டோ செலவைச் சுருக்கியோ நிரப்பிக்கொள்ள வேண்டும். அன்று தொடங்கியது இம்முறை: பொறுப்பு இங்கே, பொருட்பை அங்கே!

1919ஆம் ஆண்டுச் சட்டம் தன்னாட்சியின் முதற்படி என்று பறைசாற்றப்பட்டது. நிலவரியும் முத்திரைத்தாள் வருவாயும் மாநிலத்துக்கு. சுங்கமும் வருமான வரியும் உப்பு வரியும் நடுவணுக்கு எனப் பிரித்தனர். இதனால் தில்லிக்கு நேரும் குறையை மாநிலங்களே ஈடுசெய்ய வேண்டும் என்று 1920இல் மெசுட்டன் குழு தீர்ப்பெழுதிற்று. மொத்தத் தொகை ஆண்டுக்கு 983 இலக்கம் உருபா. அதில் சென்னை மாநிலத்தின் தலையில் விழுந்தது 348 இலக்கம்! வங்காளத்துக்கு 63; பம்பாய்க்கு 56. ஆலையும் வாணிகமும் செழித்த பம்பாயைவிட, ஏர் பிடித்த சென்னைக்கு ஆறு மடங்கு சுமை!

வங்காளமும் பம்பாயும் வருமான வரியை இழந்தன. சென்னைக்கோ புதிய பிரிவினையால் 576 இலக்கம் மிகுதி என்றது குழு. அம்மிகுதி எவர் கொடுத்தது? உழவன் கட்டிய நிலவரியன்றோ? அதில் பாதிக்கு மேல் தில்லிக்குப் போயிற்று. நீதிக் கட்சி அமைச்சர்கள் கல்வியையும் நலத்துறையையும் ஏற்றனர். நிதித்துறையோ ஆளுநரின் செயற்குழுவிடமே இருந்தது. பள்ளி திறக்க வேண்டியவர் ஒருவர். பணப்பையை முடிந்து வைத்திருந்தவர் மற்றொருவர். இத்திறை 1928இல்தான் அறவே ஒழிந்தது.

இதே பேரரசு வெள்ளையர் குடியேறிய நாடுகளிடம் எங்ஙனம் நடந்தது? அமெரிக்கர் படைக்கலம் ஏந்திய பின், குடியேற்ற நாடுகள்மீது தன் வருவாய்க்கென வரி விதிப்பதில்லை என 1778இல் ஆங்கில நாடாளுமன்றம் சட்டம் செய்தது. எம் வரியை யாமே முடிவு செய்வோம் என்று 1859இல் கனடா அமைச்சர் கால்ட் இலண்டனுக்கு எழுதினார், இலண்டன் அடங்கிற்று. தன்னாட்சி என்னும் சொல்லுக்குக் கனடாவில் ஒரு பொருள். சென்னையில் வேறு பொருள்!

1947இல் வெள்ளையன் போனான். முறை போயிற்றா? 2021–26ஆம் ஆண்டுகளுக்குப் பதினைந்தாம் நிதிக்குழு பகிர்ந்த தொகையில் தமிழகத்தின் பங்கு 4.079 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள்தொகையோ நாட்டில் ஏறத்தாழ 6 விழுக்காடு. மேல்வரி என்றும் கூடுதல் தீர்வை என்றும் தில்லி திரட்டுவது பங்குக்கே வாராது. பங்கு போடும் குழுவை அமர்த்துவது நடுவணரசு. மாநிலம் விண்ணப்பம் கொடுக்கலாம், தீர்ப்பெழுத இயலாது. 2017இல் வந்த சரக்கு, சேவை வரியிலோ நடுவணரசு இசையாமல் எத்தீர்மானமும் நிறைவேறாது. மாநிலத்தின் கையில் எஞ்சிய சிலவற்றுள் ஒன்றே சாந்தோமில் கணக்கெழுதும் ஆவண வருவாய்.

வறிய மாநிலத்துக்கு வளமான மாநிலம் கொடுக்கலாகாதா என்பர் சிலர். கொடுக்கலாம், கொடுத்தல் தமிழனுக்குப் புதிதன்று. உடன்பிறந்தார் ஒருங்கிருந்து பேசிக் கொடுப்பது உதவி. ஒருவன் கணக்கெழுத மற்றவன் கட்டுவது திறை.

திறை வாங்குவோன் பின்பு கட்டளையும் இடுவான். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் பள்ளித் திட்டத்தில் ஒப்பமிடவில்லை என்பதற்காக, ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் 2024–25ஆம் ஆண்டுக்குரிய ஏறத்தாழ 2,152 கோடி உருபா நிறுத்தப்பட்டதெனத் தமிழக அரசு 2025இல் உச்சநீதிமன்றம் ஏற நேர்ந்தது. மும்மொழியை ஏற்காத குற்றத்துக்கு ஏழைப் பிள்ளைகளின் படிப்பா பிணை?

இராசமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974இல் சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் இயற்றிற்று. 2025இல் குரியன் சோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழு அமைந்தது. குழுக்கள் மாறின, பணப்பை கை மாறவில்லை. மேல்வரிகள் பங்குக்குள் வரவேண்டும். பங்கு போடும் அவையில் மாநிலங்கள் அமரவேண்டும். பணத்தோடு கட்டளை வரும் வழக்கம் ஒழியவேண்டும். இம்மூன்றும் கைகூடும்வரை தன்னாட்சி என்பது ஏட்டுச் சுரைக்காயே. தமிழர் அதைக் கொண்டு கறி சமைக்க இயலாது!