பாட்டியை உட்கார வைக்காதீர்கள்!

பாட்டி தரையில் உட்கார்ந்து கீரை ஆயப் போகிறார். உடனே மூன்று பக்கமிருந்தும் குரல் வருகிறது. "ஐயோ, கீழ உட்காராதீங்க பாட்டி, சேர் போடுறேன்!" "அந்தக் குடத்தை நீங்க ஏன் தூக்குறீங்க?" "மாடிக்கெல்லாம் ஏறாதீங்க, என்ன வேணும்னு சொல்லுங்க, எடுத்துட்டு வர்றேன்."

எல்லாம் பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் பாசம்தான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கைக்கு அனுப்புகிறது என்று சொன்னால், சொன்னவரை அந்த வீட்டில் காபி கொடுக்காமல் அனுப்பிவிடுவார்கள்!

சரி, கணக்குக்கு வருவோம். முப்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகம். காமர்ஸ் பாஷையில் இதுதான் தேய்மானம். ஒரே வித்தியாசம், மெஷின் ஓடினால் தேயும். தசை ஓடாவிட்டால் தேயும். அமெரிக்காவில் ஆரோக்கியமான சில முதியவர்களைப் பத்தே பத்து நாள் படுக்கையில் இருக்க வைத்துப் பார்த்தார்கள் (ஆய்வு வெளியானது 2007-ல்). நோய் இல்லை, காய்ச்சல் இல்லை, சும்மா படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை காணாமல் போயிருந்தது.

இதற்கு நேரெதிர் கதை 1990-ல் வந்தது. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். பேருக்குச் செய்கிற பயிற்சி அல்ல, காலுக்கு நல்ல கனமான எடை. எட்டு வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வயதில்! இங்கே அறுபத்தைந்து வயதானவருக்கு "இனிமே என்ன இருக்கு, ரெஸ்ட் எடுங்க" என்று உபதேசம் நடக்கிறது.

"எங்க தாத்தா தினமும் வாக்கிங் போறாரே" என்பார்கள். போகட்டும், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் அதே தாத்தா வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தால், எழும்போது இரண்டு கையையும் ஊன்றி, "முருகா" என்று ஒரு மூச்சு விட்டு, இரண்டாவது முயற்சியில்தான் எழுகிறார். நடை, எழுகிற பலத்தைத் தராது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நடையோடு நிறுத்தவில்லை. பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது. யோகாவும் அப்படித்தான். உடம்பு வளைவது நல்லதே, ஆனால் வளைந்த உடம்பை நிமிர்த்தப் பலம் வேண்டாமா? (எலும்பு மெலிந்தவர்கள் முன்னால் குனிந்து கால்விரலைத் தொடும் ஆசனங்களைத் தவிர்ப்பது நல்லது. முதுகெலும்பு நொறுங்கலாம்.)

பாட்டிகள் கதை இன்னும் மோசம். தாத்தாவுக்காவது பூங்காவும் நண்பர்களும் உண்டு. பாட்டிக்கு? "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே!" அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த காலத்தில் அதில் பாதியாவது உண்மை. இப்போது கிரைண்டர் ஆட்டுகிறது, மிக்ஸி அரைக்கிறது. அவை வந்ததில் தப்பே இல்லை, அந்தக் காலத்து அடுப்படிக்கு யாரும் திரும்ப வேண்டாம். ஆனால் அவை எடுத்துக்கொண்ட உழைப்புக்குப் பதிலாக எதுவும் வரவில்லையே! மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலிவது பெண்களுக்குத்தான். விழுந்தால் இடுப்பு எலும்பு உடைவதும் அவர்களுக்கே அதிகம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியபோது வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் சேர்ந்தது. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அது முடங்கிப்போனவருக்கு. முடங்குவதற்கு முன்னால் இருக்கிற இருபது வருஷம் வீட்டுக்காரர்கள் கையில்தான் இருக்கிறது, அவர்கள் சேர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"முட்டி தேஞ்சு போச்சு, இனிமே எப்படி?" என்பது அடுத்த கேள்வி. முட்டி வலிக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வதே தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிதான். நெஞ்சுவலி, தலைசுற்றல், சமீபத்தில் ஆபரேஷன் என்று இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பெரிய ஏற்பாடெல்லாம் தேவையில்லை. பிள்ளையார் முன்னால் போட்ட தோப்புக்கரணத்தையே பின்னால் ஒரு நாற்காலி வைத்துக்கொண்டு செய்வதுதான்: கையை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், எழ வேண்டும். முப்பது விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயதுள்ள ஆண் 12-க்குக் கீழே, பெண் 11-க்குக் கீழே என்றால் சராசரிக்கும் குறைவு. விழும் ஆபத்து உண்டு. அதோடு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. மூச்சை அடக்கக் கூடாது, வாய்விட்டு எண்ணினால் அது தானாகவே நடக்கும். சுலபமாகிவிட்டால் கையில் தண்ணீர் பாட்டில். அப்படியே விட்டால் பலம் கூடாது.

பிளாஸ்டிக் சேர் மட்டும் வேண்டாம், வழுக்கும். சுவரை ஒட்டிப் போட்ட கனமான மர நாற்காலி. பக்கத்தில் பேரனோ பேத்தியோ நிற்கலாம், கை கொடுக்காமல்.