அவள் யார் என்று கேட்டவர்களுக்கு

2024 நவம்பர் 19ஆம் தேதி, ஏ. ஆர். ரஹ்மானும் தானும் பிரிவதாக சாய்ரா பானு வழக்கறிஞர் மூலம் அறிவித்தார். அதே நாளை ஒட்டி, ரஹ்மானின் மேடைகளில் பல வருடம் பாஸ் கிட்டார் வாசித்த மோகினி டே, தானும் கணவர் மார்க் ஹார்ட்சுச்சும் பிரிகிறோம் என்று எழுதினார். இரண்டு அறிவிப்புக்கும் நடுவில் சில மணி நேர இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டார்கள். யூடியூப்காரர்களுக்கு அந்த வாரம் அறுவடை. சாய்ரா பானுவின் வழக்கறிஞர் இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றார். ரஹ்மான் தரப்பில் வக்கீல் நோட்டீஸ் போனது. கதை நிற்கவில்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள்கூட அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "எட்டி, ஆருட்டி அந்த மோகினி?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவள் சிரித்தாள். நம் ஊரில் மோகினி என்றால் பனைமரத்தடியில் நிற்பவள்தானே.

கேள்வி நியாயமானது. பதிலைத்தான் யாரும் சொல்லவில்லை.

மோகினி டே 1996இல் மும்பையில் பிறந்த வங்காளிப் பெண். அப்பா சுஜோய் டேயும் பாஸ் கலைஞர். மூன்று வயதிலேயே மகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். பத்து, பதினோரு வயதில், பெரிய டிரம்மரான ரஞ்சித் பாரோட்டின் கண்ணில் பட்டு அவரோடு மேடையேறினார். 2013இல் ரஹ்மானின் கோக் ஸ்டூடியோ நிகழ்ச்சியில் உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானும் அவருடைய பிள்ளைகளும் பாட, சிவமணி தாளம் போட, பிரசன்னா கிட்டார் வாசிக்க, பாஸோடு இருந்தது இந்தப் பெண். அப்போது வயது பதினேழு. பிறகு ஜாகிர் உசேனோடு வாசித்தார். 2023இல் தன் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டார். 2024இல் அமெரிக்கப் பாடகி வில்லோவின் குழுவில் வாசித்தார். இத்தனைக்கும் பிறகு தமிழ்நாடு அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டது ஒரு விவாகரத்துச் செய்தியில்.

பாஸ் என்றால் என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாததும் இதற்கு ஒரு காரணம். பார்வைக்குக் கிட்டார் மாதிரி இருக்கும், கழுத்து நீளம், வழக்கமாக நாலு கம்பி, தடித்த கம்பி. ஆகக் கீழே உள்ள கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிரும். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அந்தச் சத்தத்தைச் சரிவர வெளியே தர முடியாது. ஆகவே கைபேசியிலேயே பாட்டுக் கேட்கிறவருக்கு மோகினி டே வாசித்ததில் பெரும்பகுதி காதில் விழுவதே இல்லை. ஆளைப் பார்க்கலாம், சத்தத்தைக் கேட்க முடியாது. பெண்களுக்குப் பழக்கமான நிலைமைதான்.

மிருதங்கத்துக்குத் தொப்பி எப்படியோ, நாதஸ்வரக் கச்சேரிக்கு ஒத்து எப்படியோ, கிட்டத்தட்ட அந்த இடத்தில் இருக்கிறது பாஸ். ஆனால் அது ஒரே சுரத்தில் நிற்பதில்லை. தாளத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ளும். மேலே பாடகி ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டிருக்க, கீழே பாஸ் ஒரு படி இறங்கினால் போதும், சந்தோஷமாக இருந்த இடம் ஏக்கமாக மாறிவிடும். இளையராஜாவின் பாட்டுகளில் நாம் காரணம் தெரியாமல் கலங்குகிற பல இடங்கள் இப்படி உண்டானவை. அதை வாசித்த சசிதரனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கேசட் அட்டையில் வாத்தியக்காரர் பெயரை ரஹ்மான் போடத் தொடங்கிய பிறகுதான் கீத் பீட்டர்ஸ் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரிந்தது. இவர்கள் ஆண்கள். பாஸ்காரரைக் கவனிக்காமல் இருப்பது நம் பொதுக் குணம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சசிதரனும் கீத் பீட்டர்ஸும் கவனிக்கப்படாமல் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மோகினியின் வாசிப்பில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது அவருடைய கொன்னக்கோல். தகதிமி, தகஜுனு என்று வாயால் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே அதே கணக்கை அதே வேகத்தில் விரலால் கம்பியில் வாசிப்பார். கொன்னக்கோல் நம் கர்நாடக மேடையில் தவிலும் மிருதங்கமும் கற்றவர்கள் சொல்வது. ஒரு வங்காளிப் பெண் அதைக் கற்று, அமெரிக்காவில் 1951இல் லியோ ஃபெண்டர் சந்தைக்குக் கொண்டுவந்த ஒரு வாத்திய வகையில் ஏற்றியிருக்கிறார். கட்டைவிரலால் கம்பியை அடித்து, அடுத்த விரலால் இழுத்துவிடும் ஸ்லாப் முறையில் அவருக்கு இருக்கும் சுத்தம் வேறு விஷயம். வேகத்தில் சுரம் உடையாது.

எனக்கு அவரிடம் ஒரு குறையும் உண்டு. சில இடங்களில் சுரங்கள் அளவுக்கு மேல் கொட்டுகின்றன. பாட்டு மூச்சுவிட வேண்டிய இடத்தில் அவர் நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். யாரும் இதை மறுத்துப் பேசலாம், எனக்கு மகிழ்ச்சி. அந்த நவம்பரில் மோகினியைப் பற்றிப் பேசிய ஆயிரக்கணக்கான வாய்களில் ஒன்றாவது இப்படி ஒரு குறையைச் சொன்னதா? ஒரு கலைஞருக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அவர் வாசிப்பில் குற்றம் கண்டுபிடிப்பது. அதைக்கூட அவருக்குத் தரவில்லை. படுக்கையறைக்கே போய்விட்டார்கள்.

மோகினி கடைசியில் வாய் திறந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ரஹ்மான் தனக்கு அப்பாவைப் போல என்றார். அவர் நிலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அவரைக் குறை சொல்லவில்லை. நான் கேட்பது, ஏன் அதைச் சொன்னால்தான் நம்புகிறீர்கள் என்று. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் எட்டு வருடம் ஒரே மேடையில் வேலை செய்தால் அதற்கு நம் மொழியில் உறவு இல்லை. அப்பா, அண்ணன், இல்லாவிட்டால் 'அது'. நாகர்கோவிலில் ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளையிலிருந்து ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பிள்ளைவரை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேலே இருக்கிற ஆம்பிளையை "அண்ணா" என்று கூப்பிடக் கற்றுக்கொள்வது பாசத்தால் அல்ல, காப்புக்காக. சக கலைஞர் என்ற சொல் நம் அகராதியில் இருக்கிறது, புழக்கத்தில் இல்லை.

அதே நவம்பரில் இன்னொரு பெண்ணும் மாட்டினார். கானா பாடகி இசைவாணி. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் சில வருடங்களுக்கு முன் பாடிய ஐயப்பன் பாட்டைத் தோண்டியெடுத்து, புகார்கள், மிரட்டல்கள், ஆபாச வசைகள். அந்தக் குழுவில் அத்தனை ஆண்கள் இருந்தார்கள். பாட்டு ஒருவர் மட்டும் செய்ததல்ல. வசை மட்டும் பெரும்பாலும் ஒரே விலாசத்துக்குப் போனது. மோகினியையும் இசைவாணியையும் சாதி, வர்க்கம், மொழி எல்லாம் பிரிக்கின்றன. இருவருக்கும் நடந்தது ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு கூட்டமும் இசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மட்டும் பொது.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். கேரல் கே என்ற பெண் 1963இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோ ஒன்றில் பாஸ்காரர் வராததால் பாஸை எடுத்தார். அதுவரை கிட்டார் வாசித்தவர். பிறகு பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம், 'மிஷன் இம்பாசிபிள்' தொடரின் இசை என்று அமெரிக்கா ஒரு தலைமுறைக்கு முணுமுணுத்ததில் பெரும்பங்கு அவர் விரலில் வந்தது. ரெக்கார்டு உறைகளில் பேரில்லை. 2025இல், தொண்ணூறு வயதில், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டினா வெய்மத்தை, ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனபிறகு மறுபடி தேர்வு வைத்தார் அந்தக் குழுவின் பாடகர். சோனிக் யூத்தின் கிம் கார்டன் தன் சுயசரிதைக்கு 'கேர்ள் இன் எ பேண்ட்' என்று பெயர் வைத்தது, பேண்டில் ஒரு பெண்ணாக இருப்பது எப்படி இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்ட நிருபர்களால்தான். முப்பது வருடம் வாசித்தவரிடம் கேட்கிற கேள்வியா அது?

நம் சினிமாவில் இந்தப் பிரிவினை இன்னும் தெளிவு. குரல் பெண்ணுக்கு, கருவி ஆணுக்கு. சுசீலாவும் ஜானகியும் இல்லாமல் தமிழ்ப் பாட்டு இல்லை. அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆர்க்கெஸ்ட்ராவில் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். பாடுவது உடம்பிலிருந்து தானாக வருவது, வாசிப்பது அறிவால் வருவது என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. இரண்டும் தப்பு. சபா மேடையிலும் இதே கதை. கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால், விக்கு விநாயகராமின் குடும்பத்தில் முறையாகக் கற்றவர். பெண் கடம் வாசித்தால் தான் கூட வாசிக்கமாட்டேன் என்று சொன்ன மிருதங்கக்காரர்களை அவர் சந்தித்திருக்கிறார். பாடகிக்குப் பக்கவாத்தியம் வாசிக்கச் சம்மதிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் சமமாக உட்கார்ந்து கணக்குப் போட்டால் தாங்கவில்லை. 1995இல் அவர் பெண்களை மட்டும் சேர்த்து 'ஸ்த்ரீ தால் தரங்' என்ற குழுவைத் தொடங்கினார்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்கக் கூடாது. நம் வில்லுப்பாட்டில் பாஸ் இருக்கிறது. வில்லோடு சேர்த்து வைத்த குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது வயிற்றில் வந்து விழுகிற சத்தம் அதுதான். அம்மன் கோவில் கொடையில் விடிய விடியப் பாடுவது யாருடைய கதை? நம்பிப் போனவனால் கொல்லப்பட்டு, முப்பந்தலில் இசக்கியாக உட்கார்ந்திருக்கிறவளின் கதை. வில்லுப்பாட்டில் செத்த பெண்களுக்குக் குறைவே இல்லை. அவர்களைப் பாடுகிற அண்ணாவிகள் பெரும்பாலும் ஆண்கள். அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பூங்கனி அந்த வில்லின் முன்னால் உட்கார்ந்து ஐம்பது வருடத்துக்கு மேல் பாடினார். வீசுகோலை எறிந்து பிடிக்கிற லாவகத்துக்கே ஆள் கூடும். 2018 நவம்பரில் அவர் இறந்தபோது வறுமையில், தனியாக இருந்தார். கொடை நடத்துகிற ஊர்களில் அவர் பாடாத ஊர் குறைவு. சாமியாகிவிட்ட பெண்ணுக்குக் கோழியும் பொங்கலும் கிடைக்கும். அவளைப் பாடின பெண்ணுக்கு முதியோர் பென்ஷன்.

நம் பெண்ணிய விமர்சனத்தையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். பாட்டு என்றால் நாம் எடுத்துக்கொள்வது வரிகளைத்தான். இந்த வரி பெண்ணை இழிவு செய்கிறது, அந்த வரி பண்டமாக்குகிறது. எழுதவேண்டியதுதான். வரிக்கு அடியில் யார் வாசித்தார்கள், அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், ராத்திரி ரெக்கார்டிங் முடிந்து வீட்டுக்கு எப்படிப் போனார்கள் என்று எத்தனை கட்டுரை வந்திருக்கிறது? சத்தத்தைக் கேட்கக் கற்றுக்கொள்ளாமல், சத்தம் போடுகிற பெண்ணுக்காக வாதாட முடியாது.

இன்னொரு வாதம் உண்டு. மோகினிக்கு அப்பா சொல்லிக்கொடுத்தார், ரஞ்சித் பாரோட் மேடை கொடுத்தார், ரஹ்மான் பெயர் கொடுத்தார். அவர் சொந்தமாக என்ன செய்தார்? ஜாகிர் உசேனுக்கும் அப்பா அல்லா ரக்காதான் சொல்லிக்கொடுத்தார். அங்கே அதற்குப் பரம்பரை என்று பெயர். மோகினி விஷயத்தில் சிபாரிசு.

"பெம்பளப் பிள்ளைகளுக்கு அதில் ஆசை இல்லை" என்பது கடைசி வாதம். எனக்குத் தெரிந்த ஒரு சர்ச்சில், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒருத்தி வாலிபர் குழுவில் பாஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். குயரில் ஆல்டோ பாடுகிறவள், காது நல்ல காது. பெரியவர் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார்: "நீ பாட்டுப் பாடு மக்கா, அது பயங்கர கனமாக்கும்." பாஸ் நாலு கிலோ இருக்கும். குளச்சலிலும் முட்டத்திலும் அதைவிடப் பல மடங்கு கனமான மீன்கூடையைத் தலையில் வைத்து மைல் கணக்கில் நடந்த பெண்கள் இருக்கிற மாவட்டம் இது. கனம் எடுபடவில்லை என்றதும் அடுத்த காரணம் வந்தது. வார் மார்புக்குக் குறுக்கே போகும், ஆராதனையில் பார்க்க நன்றாக இராது.

எந்த ஊரில் இதைச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? பெண்ணின் மார்பின்மேல் எது கிடக்கலாம், எது கிடக்கக் கூடாது என்று அடுத்தவர் முடிவு செய்வதை எதிர்த்து, தென் திருவிதாங்கூரில் பெண்கள் அடிபட்டு, துணி கிழிக்கப்பட்டு, பல பத்தாண்டு போராடி, 1859 ஜூலை 26இல் மகாராஜாவிடமிருந்து ஓர் உத்தரவு வாங்கினார்கள். அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் போராட்டத்தை வருடா வருடம் மேடை போட்டுப் பேசுகிறவர்களின் பேத்திக்கு இன்று ஒரு தோல்வார் மறுக்கப்படுகிறது.

அந்தப் பிள்ளை இப்போது சென்னையில் நர்சிங் படிக்கிறாள். அந்தச் சர்ச்சில் பாஸ் வாசித்த பையன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாயிற்று. பாஸ் உறைக்குள் சாத்திவைத்தபடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டுக்காரர் இடது கையால் சமாளிக்கிறார்.