பரம்பரை மேல் பழி போடலாமா?



நம்ம கரிசல் சீமையில் ஒருத்தருக்கு மூச்சு இளைத்தால் முதலில் வருகிற கேள்வி, "உங்க அப்பாவுக்கும் இருந்துச்சா?" என்பதுதான். 'ஆமா' என்றால் வழக்கு முடிந்தது! பொண்ணு பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். ஜின்னிங் வேலைக்குப் போன என் தாய்மாமா தூசியைப் பற்றிச் சொன்னபோது, "உங்க குடும்பத்துக்கே இளைப்பு, அதுக்கு நாங்க என்ன செய்ய?" என்றுதான் பதில் வந்தது.

இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது என்பது என் கருத்து.

ஆஸ்துமாவில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் ஒரே மாதிரி ஜீன்களோடு பிறந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் போவதுண்டு. ஜீன் மட்டுமே காரணம் என்றால் இது எப்படி? 2007-ல் குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடு தொடர்புள்ள ஒரு பகுதியை 17-வது குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே பிரான்ஸ் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, அந்த ஜீன் மாற்றமுள்ள பிள்ளை சின்ன வயதில் சிகரெட் புகையில் வளர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறுவது தெரிந்தது.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? தீக்குச்சித் தலையில் குளோரேட் மருந்து. பெட்டிப் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீ! குச்சி மருந்தோடு பிறந்தது யார் குற்றமும் இல்லை.

உரசுவதற்கு நம்ம பக்கம் பஞ்சமா என்ன? பஞ்சுத் தூசி, களத்துமேட்டுத் தூசி, கந்தகப் புகை, சீமைக்கருவேல மகரந்தம், அடுப்படி விறகுப் புகை, வீட்டுக்குள்ளேயே பீடி! இவற்றில் சில நோயைக் கிளப்பிவிடும். சில, இருக்கிற நோயை முறுக்கிவிடும்.

ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் 1981 முதல் 1987 வரை, சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கூட்டம் கூட்டமாக மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். துருவிப் பார்த்தால், துறைமுகத்தில் கப்பலிலிருந்து சோயா இறக்குகிற நாட்கள் அவை! தானியம் கொட்டுகிற கிடங்குக் குதிருக்கு ஃபில்டர் பொருத்தினார்கள். அந்தத் தொல்லை அடங்கியது. அந்த ஊர் மக்களின் ஜீனை யாரும் மாற்றவில்லையே!

ஃபில்டர் மாட்டுவது டாக்டர் வேலையா? இல்லை நண்பர்களே, நம்ம வேலை! நாளைக்கு நம்மில் பலர் மில்லிலும் மேட்ச் ஃபேக்டரியிலும் சூப்பர்வைசர் ஆகப் போகிறோம். சீலிங் ஃபேன் தூசியைச் சுற்றித்தான் விடும். தூசி கிளம்புகிற இடத்துக்கு அருகிலேயே உறிஞ்சு குழாயின் வாயை வைக்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு வேகம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். மெக்கானிக்கல் மாணவருக்கு இது சின்னக் கணக்கு. அங்கே நிற்கிற தொழிலாளிக்கு மூச்சு! சிவில் மாணவரே, நீங்கள் போடுகிற வீட்டு பிளானில் அடுப்படிக்குப் புகைபோக்கி இருக்கட்டும்.

நம்மிடம் ஒரு தொழிலாளி வந்து "மூச்சு முட்டுது சார்" என்று சொன்னால், அவர் அப்பாவைப் பற்றி விசாரிக்க வேண்டாம். முதலில் மிஷினைப் போய்ப் பார்ப்போம்!